பஞ்சம் வெட்டிய கால்வாயும் பறக்கும் ரயிலும்



1901-ஆம் ஆண்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுப் பிள்ளைகள் சிலருடன் சதாராவில் ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினான். புதுச் சட்டை, புதுத் தொப்பி. ரயிலில் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. தொல்லை ரயிலடியில் தொடங்கியது. ‘நீங்கள் யார்?’ என்று நிலைய அதிகாரி கேட்டார். மகார்கள் என்று சிறுவன் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. வெளியே நின்ற மாட்டுவண்டிக்காரர் ஒருவரும் வர மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார். வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார் என்பது நிபந்தனை. அந்தச் சிறுவன் அண்ணல் அம்பேத்கர். தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இந்த நினைவுப் பொழிவு எவர் பெயரால் நடக்கிறதோ அந்தத் தோழர், மசூர் கதையை மாணவர்களுக்குச் சொல்லாத கூட்டம் இல்லை. அவர் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்துக்கொண்டதில்லை. மாநகரப் பேருந்திலும் மின்சார ரயிலிலும்தான் வருவார். தாமதமாகவே வருவார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். இவ்வாண்டு உரையை நூலகத்தில் மட்டும் உட்கார்ந்து தயாரிக்க வேண்டாம் என்று அதனால்தான் முடிவு செய்தோம். மாணவர்களும் நாங்களுமாகச் சென்னைக் கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை, நிலையத்துக்கு நிலையம் சீட்டெடுத்து, இறங்கி, நடந்து, மறுபடி ஏறிப் போனோம். 18 நிலையங்கள், ஏறத்தாழ 19 கிலோமீட்டர். மக்கள் ‘பறக்கும் ரயில்’ என்று பெயர் வைத்த தடம் அது. 1995-இல் சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் மயிலாப்பூர் வரையிலும், 2004-இல் திருவான்மியூர் வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் அது நீண்டது.

கோட்டை நிலையத்தில் இறங்கியதும் மாணவர்கள் தலைமைச் செயலகத்தைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். நாங்கள் 1924-ஐ நினைவுபடுத்தினோம். அக்காலத்தில் சென்னை சட்டமன்றம் இந்தக் கோட்டைக்குள்தான் கூடியது. அங்கேதான் இரட்டைமலை சீனிவாசன் அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியாராயினும் பொதுச்சாலையிலும் தெருவிலும் நடக்கலாம், பொதுக்கிணற்றைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, செப்டம்பரில் அரசாணையும் வந்தது. தெருவில் நடக்க ஓர் அரசாணை தேவைப்பட்டிருக்கிறது. பேருந்தில் நமக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று இன்று யோசிக்காமல் போகிறோமே, அந்த யோசிக்காமைக்கு வயது நூறுதான்.

பூங்கா நகரையும் சிந்தாதிரிப்பேட்டையையும் விரைவாகவே கடந்தோம். சிந்தாதிரிப்பேட்டையைச் சொல்ல வரலாற்றாசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1734-இல் கவர்னர் பிட் நெசவாளர்களைக் குடியேற்றிய கதை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. கம்பெனிக் காலத்து வரைபடங்களில் ‘பார்ச்செரி’ என்று திரிந்து கிடக்கும் பறைச்சேரிகளைப் பற்றி அதே புத்தகங்கள் எத்தனை வரி எழுதுகின்றன என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தால் போதும்.

நாங்கள் நிற்க விரும்பியது அடுத்த பகுதியில். கூவத்தைத் தாண்டியதும், சேப்பாக்கத்திலிருந்து ரயிலுக்குக் கீழே பக்கிங்காம் கால்வாய் வந்துவிடுகிறது. திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணி அம்மன் கோயில், திருமயிலை, மந்தைவெளி என்று எங்கே எட்டிப் பார்த்தாலும் கறுப்புத் தண்ணீரும் அதில் ஊன்றி நிற்கும் தூண்களும்தான். நிலையங்களோ ஊர்ச் சந்தையை உள்ளே நடத்தலாம் போலப் பெரியவை. ஆளில்லாமல், இருட்டாக, எதிரொலித்துக் கிடக்கின்றன.

கால்வாயின் பழைய பகுதி இதற்கும் வடக்கே. எண்ணூர்ப் பக்கம் போகும் அந்தப் பகுதியின் வேலை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. நாங்கள் போன தடத்துக்குக் கீழே இருப்பது வேறு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர்த் துண்டு, 1877–78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. நம் பாட்டிமார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்வார்களே, அதே பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கான கூலியை ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வெட்டிக் குறைத்தார். வளர்ந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுதும் மண் வெட்ட வேண்டும். இது ஆளைக் கொல்லும் கூலி என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதியதும் பதிவாகியிருக்கிறது.

வெட்டியவர்கள் யார்? பஞ்சத்தில் முதலில் விழுகிறவர்கள் நிலமில்லாக் கூலிகள். இந்த மாகாணத்தில் நிலம் எவருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளத் தனி ஆராய்ச்சி வேண்டியதில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்துச் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தத் தூணிலும் இல்லை.

திருமயிலை நிலையத்தில் ஒரு மாணவி 1997 என்ற ஆண்டைப் பிடித்துக்கொண்டாள். ரயில் மயிலாப்பூருக்கு வந்த ஆண்டு அது. அதே ஆண்டில்தான் விருதுநகரில் புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. தேவேந்திரகுல வீரன் ஒருவன் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். தென் மாவட்டங்கள் எரிந்தன. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கிவிட்டது. நடுநிலைமை என்று அதற்குப் பெயர் சொன்னவர்களும் உண்டு. அதே ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து திரும்பிய பேருந்தை வழிமறித்து மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். சீட்டு எடுத்துத்தான் அவர்கள் அந்தப் பேருந்தில் வந்திருப்பார்கள். பேச வந்தது சென்னை நகரம் பற்றி என்றாலும் பேருந்து, ரயில் என்ற சொற்களை நாம் வேறு எப்படிப் படிக்க முடியும்?

மந்தைவெளிக்கும் பசுமைவழிச் சாலைக்கும் இடையே கால்வாயை ஒட்டி நடந்தோம். ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர் இங்கேதான் இருக்கிறது. கால்வாய் ஆக்கிரமிப்பு என்று சொல்லி, நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே மாதத்தில் இங்கே வீடுகளை இடித்தார்கள். மே 8 அன்று அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் எல்லோர் கண்முன்னும் தீக்குளித்து, பிறகு இறந்துபோனார். அதன் பின்னரே மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வீடு தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஒரு நடை தூரத்தில் அமைச்சர்களின் பங்களாக்கள் வரிசையாக இருக்கின்றன. அண்ணலின் மணிமண்டபமும் அங்கேயே இருக்கிறது.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லை அந்தக் கரையில் நின்று யோசித்தோம். குடிசை கால்வாய்க் கரையில் இருந்தது. ரயிலின் தூண்கள் கால்வாய்க்கு உள்ளேயே நிற்கின்றன. தண்ணீர் போகும் வழியைக் குறுக்கியது எது என்று பார்க்கப் பொறியியல் படித்திருக்க வேண்டாம், கண் இருந்தால் போதும். ஆனால் ஒன்று ‘வளர்ச்சித் திட்டம்’, மற்றொன்று ‘ஆக்கிரமிப்பு’. ரயில் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஐந்து, பத்து ரூபாய்ச் சீட்டில் இவ்வளவு தூரம் போக உழைக்கும் மக்களுக்கு வேறு எது இருக்கிறது? ஒரே நீரில் நிற்கும் இரண்டுக்கும் இரண்டு சட்டம் ஏன் என்பதே எங்கள் கேள்வி.

அடையாற்றைத் தாண்டினால் கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர், திருவான்மியூர். தரமணிப் பக்கம் வந்ததும் டைடல் பார்க்கும் கண்ணாடிக் கட்டடங்களும் தெரிகின்றன. பெருங்குடியில் சதுப்பு நிலமும் நகரத்தின் குப்பையும். வேளச்சேரியில் இறங்கினோம்.

ஆனால் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் வேளச்சேரியில் இல்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டித் தருவதுதான் பேச்சாக இருந்தது. நகருக்குள் இன்றும் நிற்கும் பழைய வாரியக் குடியிருப்புகளே அதற்குச் சாட்சி. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு விளிம்புக்கு ஆயிரம் ஆயிரமாகக் குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரை மக்களும் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அந்த வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, வேளச்சேரி நிலையத்துக்கும் அப்பால்.

நிலைய வாசலில் ஆட்டோ கேட்டோம். கண்ணகி நகர் என்றதும் ஓட்டுநர் ஒருவர், ‘அங்கயா? திரும்பி வர சவாரி கெடைக்காது’ என்று இரட்டைக் கூலி கேட்டார். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம்.

மாலைப் பேருந்து அது. நிற்கவும் இடமில்லை. கூட்டத்தில் பெரும்பாலோர் பெண்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். எந்தத் தெருவிலிருந்து அவர்களை அகற்றினார்களோ அதே தெருவுக்குத்தான் அவர்கள் தினமும் வேலைக்குப் போகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபோது இவர்கள் வீட்டில் மிஞ்சிய காசை, சலுகை அரசியல் என்று கேலி பேசுகிறவர்கள் ஒரு மாதம் கணக்கெழுதிப் பார்க்கலாம். கண்ணகி நகர்ச் சுவர்களில் இப்போது பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டாள் ஒரு மாணவி.

‘படம்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா வேலைக்குப் போற வூட்ல தொரப்பாக்கம்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். கண்ணகி நகர்னா கேட்டத் தொறக்க மாட்டாங்க.’

அவருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். பிறந்தது மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில். பறக்கும் ரயிலுக்குத் தூண் போட்டபோது தன் அப்பா அங்கே மண் சுமந்தார் என்றார். தன் நிறுத்தம் வந்ததும், கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, எங்களை வழிவிடச் சொல்லி இறங்கிப் போனார்.