மண்ணெண்ணெயும் டீசல் பம்பியும்

வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை எழுதுவோர் குளங்களைப் பற்றி எழுதுவர். அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் எழுதுவர். நெல்லையும் நோயாளியையும் சுமந்து சென்ற எஞ்சின்களைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆயினும், 1990 முதல் 2002 வரை அந்நிலத்து மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்குப் பழைய வாகனத்தின் டீசல் பம்பியும் ஒரு சான்றாகும்.

ஜெர்மனியரான உருடோல்ஃப் டீசல் 1897 ஆம் ஆண்டில் தம் எஞ்சினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். அதில் எரிபொருளை உட்செலுத்தியது அமுக்கிய காற்று. அக்காற்றை அமுக்கும் பொறி பெரிதும் பாரமுமாயிருந்தமையால், டீசல் எஞ்சின் தொழிற்சாலைக்கும் கப்பலுக்குமே ஏற்றதாயிற்று. அதனைத் தெருவுக்குக் கொண்டுவந்தது ஒரு சிறு பம்பி. உரோபேட் பொஷ் என்பாரின் நிறுவனம் 1922 இல் ஆய்வு தொடங்கி, 1927 இல் எரிபொருள் பாய்ச்சும் பம்பியைப் பெருந்தொகையாக ஆக்கத் தலைப்பட்டது. 1936 இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் டீசல் கார் சந்தைக்கு வந்தது. 1954 இல் அதே நிறுவனத்தின் 300 எஸ்.எல். காரில், பெற்றோலும் இவ்வகைப் பம்பியாலேயே பாய்ச்சப்பட்டது.

இப்பம்பியின் உயிர்நிலை ஓர் உருளையும் அதனுள் ஏறி இறங்கும் முசலமுமாகும். இவ்விணையைக் கராச்சுகளில் எலிமென்ற் என்பர். இரண்டிற்கும் இடையிலுள்ள வெளி, ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரண்டு மூன்று கூறளவே. அவ்வெளியை அடைப்பதற்கு வளையமோ தோலோ இல்லை. முசலத்துக்கு வழுக்குத் தருவதும் பாய்கின்ற டீசலே. ஆதலின் எரிபொருள் மாறினால் பம்பியின் ஆயுளும் மாறும்.

இனி நெடுங்கேணிக்கு வருவோம். புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், வயலும் காடும் சூழ அமைந்த ஊர் அது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், வன்னிக்குப் பெற்றோலும் டீசலும் செல்வது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் அளவோடு, கிடைத்தது. 1997 மே மாதத்தில் படை நடவடிக்கை நெடுங்கேணியை எட்டியபோது மக்கள் இடம்பெயர்ந்தனர். 1999 நவம்பரில் ஊர் மீண்டும் கைமாறியது. இத்தனைக்கும் இடையே நெல் ஆலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. கருவுற்ற பெண் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருந்தது.

பெற்றோலில் ஓடிய பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்கள் அக்காலத்தில் கைகொடுத்தன. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் அவை ஓடின. இது முற்றிலும் புதுமையன்று. 1949 இலேயே பிரித்தானியாவின் பெர்குசன் உழவு இயந்திரத்தில் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் ஒரு வகை இருந்தது. அங்கே தொழிற்சாலை அமைத்துக் கொடுத்ததை, இங்கே மெக்கானிக்குகள் மரநிழலில் அமைத்தனர்.

டீசல் வாகனங்களின் நிலை வேறு. அவையும் மண்ணெண்ணெயில் ஓடும். தொடங்குவதற்குப் பெற்றோலும் வேண்டா. ஆனால் மண்ணெண்ணெய் மெல்லியது. டீசலின் வழுக்கு அதற்கில்லை. எனவே அதனோடு சிறிது எண்ணெய் கலந்து ஊற்றினர். ஆயினும் முசலம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. மாசி பர்குசன் 35 போன்ற உழவு இயந்திரங்களில் இருந்த சுழல்வகைப் பம்பிக்கு உள்ளுறுப்புகள் அனைத்துக்கும் எரிபொருளே வழுக்காதலின், அதற்கு நேர்ந்த கேடு இன்னும் பெரிது. தேய்ந்த பம்பி தன் நோயைத் தானே காட்டும்: காலையில் குளிர்ந்த எஞ்சின் எழும், ஓடி நிறுத்தியபின் எழாது. சூட்டில் எரிபொருள் மேலும் மெலிந்து, தேய்ந்த இடைவெளியால் கசிந்துவிடுவதே காரணம்.

அத்தகைய பம்பியைப் புதுக்குவோர் முதலில் தூசியை விலக்குவர். ஓர் உருளையின் முசலத்தை மற்றோர் உருளையில் இடார். அவை சோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை. முசலத்தைக் கழுவி வெளிச்சத்திற்குக் காட்டினால், எரிபொருள் புகும் துளைக்கு நேரே மங்கிய கீறல்கள் தெரியும். சாய்த்துப் பிடித்த உருளையில் நல்ல முசலம் தன் பாரத்தாலேயே மெதுவாக வழுகி இறங்கும். தேய்ந்தது விரைந்து விழும். சோடியை மாற்றியபின், பம்பியைச் சோதனை மேடையில் ஏற்றிச் சுழற்றி, ஒவ்வொரு வழியும் தரும் எரிபொருளைக் கண்ணாடிக் குழாய்களில் அளந்து சமன் செய்வர். சமனில்லையேல் எஞ்சின் நடுங்கும், புகை கக்கும்.

2002 இல் தடை தளர்ந்தது; டீசல் வந்தது. உலகில் 1997 முதல் கார்களில் பரவிய மின்னணுப் பாய்ச்சல் முறையோ இப்பழைய பம்பிகளை மெல்லப் பின்தள்ளிற்று. இன்று பழைய காரைப் பேணுவோர் அதன் வர்ணத்தையும் முகப்பையும் ஒளிரச் செய்கின்றனர், அது நன்றே. ஆனால் தேய்ந்த முசலத்தைக் குப்பையில் எறியுமுன், அதன் கீறல்களை ஒருகால் உற்று நோக்குதல் வேண்டும். எந்த எரிபொருளோடு எதனை எவ்வளவு கலந்தனர், எவ்வாறு ஓட்டினர் என்பதைச் சொல்ல வல்ல முதிய மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இன்னும் உளர். அவர்கள் சொல்லை இப்போதே எழுதி வைப்போமாயின், வன்னியின் வரலாற்றில் ஓர் அதிகாரம் அழியாது நிற்கும்.