திருமுக்கூடல் முதல் அலிபிரி வரை

வேங்கடம் தமிழகத்தின் வட எல்லை என்று சின்ன வயசில் படித்தோம். எல்லை தாண்டிப் பிழைக்க வந்த நமக்கு அந்த மலையடிவாரம் மருத்துவத்துக்கும் ஆகும் இடம்.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலிலும் வேங்கடேசப் பெருமாள் கோயில் உண்டு. அங்குள்ள 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலையைப் பற்றிச் சொல்கிறது. படுக்கை 15. வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், பணிவிடைப் பெண்கள் இருவர். இராத்திரி விளக்குக்குக்கூட எண்ணெய்க் கணக்கு இருக்கிறது! அறுப்பவருக்கு வைத்தியரைவிடப் படி குறைவு, இன்றைக்கு அப்படியா? எங்கள் ஜைன மரபும் ஔடத தானத்தை நான்கு தானங்களில் ஒன்றாக வைக்கிறது.

திருப்பதியில் அந்தக் கோயில் வழக்கத்தின் தொடர்ச்சியைக் காணலாம். தேவஸ்தான ஆதரவில் ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 1986இல் அடிக்கல் நாட்டி, 1993இல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். 2022இல், தேவஸ்தானம் தந்த அலிபிரி நிலத்தில் டாடா டிரஸ்ட் கட்டிய புற்றுநோய் மருத்துவமனை திறந்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் கடைப் பாகஸ்தர். அலிபிரிப் படி ஏறி வந்தவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. வலி இல்லை. “மலை ஏறின சூடு” என்று நாங்களே தீர்ப்புச் சொல்லி, பார்லி கஞ்சியும் இளநீரும் கொடுத்தோம். இரண்டு நாளில் நின்றது, மறந்தோம். ஏழு மாசம் கழித்து மறுபடி வந்தபோதுதான் ஸ்கேன். இடது சிறுநீரகத்தில் கட்டி. வலியில்லாத ரத்தம்தான் பயப்பட வேண்டிய ரத்தம் என்பது அப்போதுதான் புரிந்தது.

“கரண்ட் வைக்கலியா?” என்று வந்தவர் எல்லாரும் கேட்டார்கள். இந்த நோய்க்கு அது முதல் வைத்தியம் அல்ல. பழைய கீமோ மருந்துகளுக்கும் இது பெரும்பாலும் மசிவதில்லை. சிறுநீரகத்துக்குள்ளேயே நிற்கும் கட்டிக்கு அறுவைதான். 1869இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் குஸ்தாவ் சைமன் ஒரு பெண்ணின் ஒரு சிறுநீரகத்தை எடுத்து, மற்றொன்றோடு மனிதர் வாழலாம் என்று காட்டினார். 1990இல் அமெரிக்காவில் கிளேமன் சிறு துளைகள் வழியாகவே எடுத்தார். சின்னக் கட்டியானால் இப்போது கட்டியை மட்டும் அறுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். பரவிவிட்டால் 2005 முதல் வந்த மாத்திரைகளும், 2015க்குப் பின் வந்த எதிர்ப்புசக்தி ஊசிகளும் உண்டு. பலருக்கு ஆயுளை நீட்டித் தருகின்றன. விலைதான் வீட்டை உலுக்கும்.

பணத்துக்கு வருவோம். ஆந்திராவின் ஆரோக்கியஸ்ரீ 2007இல் தொடங்கியது; தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீடு 2009இல். ஆனால் மாநிலத் திட்டம் ரேஷன் கார்டைப் பார்க்கும். ஊரில் பெயர் நீக்கி இங்கேயும் சேர்க்காமல் நடுவில் நிற்கும் நம் குடும்பங்கள் எத்தனை! 2018இல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் அட்டை, தகுதியுள்ளவருக்கு வேறு மாநிலத்திலும் அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் செல்லும். தேவஸ்தானத்தின் பிராணதான டிரஸ்டும் ஏழை நோயாளிகளுக்கு உண்டு. அட்மிஷனுக்கு முன்பே இவற்றை விசாரித்துவிடுங்கள்.

பாகஸ்தர் இப்போது கல்லாவில் உட்காருகிறார். பீடி விட்டாயிற்று, மூட்டுவலிக்குத் தானாக மாத்திரை வாங்குவதில்லை, மிச்சமுள்ள ஒன்றுக்கு ஆகாது என்று. டாக்டர் சொன்ன ஸ்கேன் தேதியைப் பேரேட்டின் முதல் பக்கத்தில், வரவேண்டிய பாக்கிகளுக்கு மேலே, நான்தான் எழுதி வைக்கிறேன்.