கொம்பியூட்டர் பிழை விட்டால் ஆர் பார்க்கிறது?

இரண்டு வருடங்களுக்கு முன் என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்கப் போனது நான்தான். உங்களில் பலருக்கும் இந்த வேலை பழக்கமாக இருக்கும். வங்கிக் கடிதம், வரிக் கடிதம், டொக்டர் சொல்வது என்று எல்லாவற்றையும் சின்ன வயதிலிருந்தே வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழில் சொல்லி வளர்ந்தவர்கள்தானே நாங்கள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சுக்கான முறை வந்தது. முதல் நாள் சி.டி. ஸ்கான் எடுத்தார்கள். தோலில் குண்டூசி முனை அளவில் சில புள்ளிகளைப் பச்சை குத்தினார்கள். "இனி ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், கணினியில் திட்டம் போட வேண்டும்" என்றார்கள். அதை நான் தமிழில் சொன்னதும் பெரியம்மா கேட்டார்:

"பிள்ளை, அந்தக் கொம்பியூட்டர் பிழை விட்டா ஆர் பாக்கிறது?"

நான் பொறியியலில் முதுகலை படித்தவள். எனக்குச் சோறு போடுவதே கணினிதான். ஆனாலும் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் பாப்பினம் பெரியம்மா" என்று சமாளித்துவிட்டு, அன்றிரவு வாசிக்கத் தொடங்கினேன். அப்போது தெரிந்துகொண்ட வரலாறுதான் இந்தக் கட்டுரை. இதில் ஒரு பெரும் பகுதி நாங்கள் வாழும் கனடாவில் நடந்தது.

முதலில் அடிப்படை. கதிர்வீச்சு புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும், நல்ல கலங்களையும் காயப்படுத்தும். ஆகவே ஒரே திசையிலிருந்து பலமாக அடிக்காமல், பல திசைகளிலிருந்து கதிர்களை அனுப்புவார்கள். ஒவ்வொரு கதிரும் போகும் வழியில் கொஞ்சம்தான் சேதம் செய்யும். எல்லாக் கதிர்களும் சந்திக்கும் இடத்தில், அதாவது கட்டியில், அளவு கூடும். எந்தத் திசை, எவ்வளவு அகலம், எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடுவதுதான் திட்டமிடல்.

1951இல் கனடாவில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. சோக் ரிவர் அணு உலையில் தயாரித்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து இரண்டு சிகிச்சை இயந்திரங்கள் உருவாகின. ஒன்று ஒன்ராறியோவின் லண்டன் நகரில், மற்றது சஸ்கற்றூனில். லண்டனில் முதல் நோயாளிக்கு ஒக்டோபர் 27ஆம் திகதி சிகிச்சை நடந்தது. சஸ்கற்றூனில் நவம்பர் 8ஆம் திகதி. சஸ்கற்றூன் குழுவை நடத்தியவர் ஹரல்ட் ஜோன்ஸ் என்ற பௌதிகவியலாளர். அவருடைய மாணவி சில்வியா ஃபெடொருக் அந்தக் கதிர் உடலுக்குள் எந்த ஆழத்தில் எவ்வளவு அளவாக இருக்கும் என்பதை அளக்கும் வேலையில் முக்கிய பங்கு வகித்தார். (பின்னாளில் இவர் சஸ்கற்சுவான் மாகாணத்தின் துணைநிலை ஆளுநராகவும் இருந்தார்.) சஸ்கற்றூனில் முதலில் சிகிச்சை பெற்றவர் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்த, நான்கு பிள்ளைகளின் தாய். வயது 43. அதன்பின் அவர் 47 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

அந்தக் காலத்தில் திட்டமெல்லாம் கையால் போடப்பட்டது. வளையக்கூடிய ஈயக் கம்பியை நோயாளியின் உடலைச் சுற்றி வளைத்து, அந்த வடிவத்தைத் தாளில் வரைவார்கள். புவியியல் வரைபடத்தில் ஒரே உயரத்தைக் காட்டும் கோடுகள் பார்த்திருப்பீர்களே, அதேபோல ஒரே கதிர் அளவைக் காட்டும் கோடுகள் கொண்ட தாளை அதன்மேல் வைப்பார்கள். மூன்று கதிர் என்றால் மூன்று தாள். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று எண்களையும் கூட்ட வேண்டும். ஒரு நோயாளிக்கே மணிக்கணக்கில் நேரம் போகும். 'கதிரின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போமா?' என்று டொக்டர் கேட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1955இல் நியூயோர்க்கில் கே.சி. சியென் என்பவர் அந்தக் கூட்டல் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தார். கதிர் அளவுகளைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து, கணக்கிடும் இயந்திரத்தால் கூட்டிக் காட்டினார். கதிர்வீச்சுத் திட்டமிடலில் கணினியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அது புதிதாக எதையும் சிந்திக்கவில்லை. சலிக்காமல் கூட்டியது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் ஹரல்ட் ஜோன்ஸ் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார். 1958இல் இங்கே பிரின்சஸ் மார்கரெட் ஆஸ்பத்திரி திறந்தது. அங்கே அவருடன் வேலை செய்த ஜாக் கனிங்ஹாம், ஒழுங்கற்ற வடிவமுள்ள கதிர்களுக்கும் அளவைக் கணக்கிடும் வழியை உருவாக்கி, 1972இல் அதற்கான நிரலையும் வெளியிட்டார். இருவரும் சேர்ந்து எழுதிய பாடநூலைத்தான் உலகெங்கும் மருத்துவப் பௌதிகம் படித்தவர்கள் பல தலைமுறைகளாகப் படித்தார்கள்.

அடுத்த திருப்பம் இங்கிலாந்தில். 1971 ஒக்டோபரில் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கான் இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலைக்குள் இருப்பதைப் படமாகக் காட்டியது. அதுவரை கணினிக்குப் பெரும்பாலும் உடலின் வெளி வடிவம்தான் தெரியும். எலும்பு எங்கே, நுரையீரல் எங்கே, கட்டி எங்கே என்பது இப்போதுதான் துல்லியமாகத் தெரிய வந்தது. 1980களில் சுவீடனைச் சேர்ந்த அன்டர்ஸ் பிராமே போன்றவர்கள் கேள்வியையே தலைகீழாகத் திருப்பினார்கள். 'இப்படிக் கதிர் அடித்தால் என்ன விளைவு?' என்பது பழைய கேள்வி. 'இந்த விளைவு வேண்டும், அதற்கு எப்படி அடிக்க வேண்டும்?' என்பது புதிய கேள்வி. கையால் இதற்கு விடை காண முடியாது. 1990களில் இந்த முறை சிகிச்சைக்கு வந்தது.

இதுவரை எல்லாம் வெற்றிக் கதை. பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம்.

1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்ற கனடியத் தயாரிப்பான சிகிச்சை இயந்திரம், அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு பேருக்கு அளவுக்கு மிக அதிகமான கதிரைப் பாய்ச்சியது. பழைய மாதிரிகளில் ஆபத்தைத் தடுக்கத் தனி வன்பொருள் இருந்தது. இதில் அந்தப் பொறுப்பில் பெரும் பகுதியை மென்பொருளை நம்பி விட்டிருந்தார்கள். கணினி படித்த பலருக்கும் இந்தக் கதை தெரியும்.

எனக்கு நித்திரை வராமல் செய்தது பனாமாவில் நடந்தது. அங்கே பிழை இயந்திரத்தில் இல்லை, திட்டமிடலில்.

பனாமா நகரின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இடுப்புப் பகுதிச் சிகிச்சையின்போது நல்ல உறுப்புகளைக் காக்கக் கதிரின் வழியில் தடுப்புக் கட்டிகளை வைப்பார்கள். திட்டமிடும் மென்பொருள் நான்கு கட்டிகளை மட்டுமே ஏற்கும். டொக்டர் ஐந்தாவதும் வேண்டும் என்றார். அங்கிருந்த பௌதிகவியலாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பல கட்டிகளைச் சேர்த்து, வெளிக்கோடும் உள்கோடும் கொண்ட ஒரே கட்டி போல வரைந்து உள்ளிட்டார்கள். இரண்டு கோடுகளையும் எதிரெதிர்த் திசையில் வரைந்தால் விடை சரியாக வந்தது. ஒரே திசையில் வரைந்தால் சிகிச்சை நேரம் ஏறக்குறைய இரு மடங்காக வந்தது. திரை இரண்டையும் ஏற்றுக்கொண்டது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

2000 ஓகஸ்ட் முதல் 2001 மார்ச் வரை 28 நோயாளிகள் இதில் சிக்கினார்கள். சிலருக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் தொடர்ந்ததை நவம்பரிலேயே ஒரு டொக்டர் கவனித்திருந்தார். ஆனாலும் காரணம் மார்ச்சில்தான் தெரிய வந்தது. சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர்கள் விசாரிக்க வந்தபோது எட்டுப் பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் குறைந்தது ஐந்து பேரின் இறப்புக்குக் கதிர் அளவு கூடியதே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பௌதிகவியலாளர்கள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தது.

அறிக்கையின் சாரம் எளிமையானது. உள்ளிடும் முறையை மாற்றியவர்கள் அதைப் பயன்படுத்தும் முன் சோதித்துப் பார்க்கவில்லை. கணினி சொன்ன நேரத்தைக் கையால் ஒருமுறை கணக்குப் போட்டிருந்தால் பிழை உடனே தெரிந்திருக்கும்.

இதை வாசித்தபோது எனக்கு அந்தப் பௌதிகவியலாளர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் செய்ய நினைத்தது நோயாளிக்கு நல்லதுதான். எனக்குப் பயம்தான் வந்தது. ஏனென்றால் நானும் வேலையில் இப்படிக் குறுக்கு வழிகள் கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு திரை நான்கை மட்டும் ஏற்றால் ஐந்தாவதை எப்படியாவது நுழைத்துவிட்டு, 'வேலை செய்கிறது' என்று மகிழ்ந்திருக்கிறேன். பிழையான தரவைச் சத்தமில்லாமல் விழுங்கும் திரைகளை நானே எழுதியும் இருக்கிறேன். என் பிழையில் ஒரு விலைப்பட்டியல் பிழைக்கும். அங்கே மனிதர்கள் இறந்தார்கள்.

சிகிச்சையின் முதல் நாள், அங்கிருந்த மருத்துவப் பௌதிகவியலாளரிடம் பெரியம்மாவின் கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒருவர் போட்ட திட்டத்தை இன்னொருவர் பார்ப்பார் என்றார். அதே எண்ணை வேறொரு நிரலில் திரும்பக் கணக்கிடுவார்கள். சிக்கலான திட்டம் என்றால் நோயாளி இல்லாமல், அளவு கருவியை வைத்து முதலில் இயக்கிப் பார்ப்பார்கள். அந்த ஒரு வாரத்தில் நடந்ததில் இதுவும் அடக்கம்.

பெரியம்மாவிடம் சொன்னேன்: "ரெண்டாவது ஆள் பாக்கிறவர். வேற கொம்பியூட்டரிலையும் போட்டுப் பாக்கினம்."

ஊரில் அவர் சங்கக்கடையில் கணக்கு எழுதியவர். தலையாட்டினார். "அப்ப சரி. நாங்களும் அப்பிடித்தான். நான் கூட்டினதை நானே சரி பாக்க விடமாட்டினம்."

பிறகு எழுந்து தனியாக உள்ளே போனார். நான் வெளியே இருந்தேன்.

உங்களில் பலர் கணினி, பொறியியல், மருத்துவம் என்று படிக்கப் போகிறீர்கள். நீங்கள் எழுதும் நிரலின் மறுபக்கத்தில் யாரோ ஒருவருடைய பெரியம்மா படுத்திருக்கக்கூடும். கூட்டினவரே சரிபார்க்கக் கூடாது என்ற அந்தச் சங்கக்கடைச் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். பெரியம்மா இப்போது நலம். போன கிழமை கூட வீட்டுக்கு ஒடியல் கூழ் கொடுத்தனுப்பினார்.