கல்லில் ஏறாத பேர்

ஒரு நகரத்தைக் காண்பதென்பது அதன் கட்டடங்களை வியந்து நிற்பது மட்டுமன்று. யாருடைய பெயரை அந்நகரம் கல்லிலே பொறித்திருக்கிறது, யாருடைய பெயரை விட்டுவிட்டது என்று வினவுவதுமாகும். ஊவாவின் தலைநகராகிய பதுளையை நாம் அவ்வாறு காண்போம்.

நகரின் தொன்மையான சின்னம் முதியங்கனை விகாரை. புத்தர் பெருமான் இங்கு எழுந்தருளினார் என்பது பௌத்த மக்களின் நம்பிக்கை. அடுத்தது பதுளைத் தூண் கல்வெட்டு. மகியங்கனைக்கு அருகே, சொரபொரக் குளப் பகுதியில் கிடைத்து இந்நகருக்குக் கொண்டுவரப்பட்ட இக்கல், கி.பி. 10 ஆம் நூற்றாண்டிற்குரியது. மகியங்கனைக்கு வந்த மன்னனிடம், சந்தையூர் வணிகரும் குடிகளும் அதிகாரிகளின் முறைகேடுகளைச் சொல்லி முறையிட்டனர். அவற்றைத் தடுக்கும் விதிகளே இதில் வெட்டப்பட்டுள்ளன. மன்னர் புகழ் பாடும் கற்கள் பல. குடிகளின் முறையீட்டைக் காத்து நிற்கும் கற்கள் மிகச் சிலவே.

இனி வெள்ளையர் காலத்துக்கு வருவோம். 1817-1818 ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஊர்களையும் விளைபயிரையும் அழித்து ஒடுக்கினர். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமை காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கிற்று. அவை தோட்ட முதலாளிகளின் கைக்குச் சென்றன. சிங்கள உழவன் இழந்த மலைகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் நடத் தமிழகத்து ஏழைகள் கொண்டுவரப்பட்டனர். ஒருவனது நிலத்தையும் மற்றொருவனது உழைப்பையும் பறித்த கை ஒன்றே அன்றோ!

அக்காலத்தின் சின்னம் புனித மாற்கு ஆலயம். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ரோஜர்ஸின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரெனப் பேசப்படும் அவ்வதிகாரியின் பெயர் அங்கே கல்லில் நிலைத்திருக்கிறது. 1924 இல் பதுளையை எட்டிய இருப்புப்பாதை, தெமோதரையில் வளைந்து சுற்றித் தன் நிலையத்தின் கீழேயே சுரங்கத்தில் நுழைகிறது. காண்போர் வியக்கின்றனர், மலை குடைந்தவரின் பெயரை எங்கே தேடுவது?

தோட்டத்திலே தொழிலாளிக்குக் கிடைத்த 'பேர்' வேறு. செக்ரோலில் விழும் ஒரு நாட் சம்பளமே அங்கு 'பேர்' எனப்படும். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. கங்காணிக்குரிய கடனைக் காட்டும் 'துண்டு' இருந்தவரை, கடன் தீராமல் வேறு தோட்டம் செல்லவும் இயலாது. 1921 இலேதான் அம்முறை ஒழிந்தது.

ஆயினும் அம்மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. 1940 இல், பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில், சமசமாஜிகளின் தலைமையில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழுவுடன் கலந்தே நிருவாகம் நடத்தத் துரை இணங்க நேர்ந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் நாடாளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964 ஒப்பந்தம் அவர்களைத் தலைகளாக எண்ணி இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! தூண் கல்வெட்டைப் படிக்கும் அதே கருத்துடன் பழைய செக்ரோல்களையும் சம்பளச் சீட்டுகளையும் படிப்போம். எந்த ஊரிலிருந்து வந்தனர், எந்த மலையில் உழைத்தனர், எதற்காகப் போராடினர் என்று முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போம். அந்த முறையீடும் இந்நகரின் வரலாறே.