கரும்புக் காட்டின் இருள்

பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்னும் பாட்டில் பிஜித் தீவைக் கண்ணில்லாத நிலமாகவும் அங்கு உழைத்த பெண்களைச் செக்கு மாடுகளாகவும் காட்டியிருப்பது, உணர்ச்சிப் பெருக்கில் பிறந்த மிகை என்று முதற்படிப்பில் தோன்றலாம். புக்கிட் மெர்தாஜாமைச் சூழ்ந்த செபராங் பிறையின் வரலாற்றோடு சேர்த்துப் படிப்பவருக்கு அவை நேர்ச்செய்தியாகவே ஒலிக்கும்.

பினாங்குத் தீவின் எதிர்க்கரையான இந்நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1800இல் கெடா சுல்தானிடமிருந்து பெற்றது. சீனர் தொடங்கிவைத்த கரும்புப் பயிரை ஐரோப்பியர் 1840களில் பெருந்தோட்டங்களாக விரித்தபோது, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர் 'சஞ்சிக்கூலி'களாக இங்கு வந்திறங்கினர். வாக்குறுதியைக் குறிக்கும் 'ஜன்ஜி' என்ற மலாய்ச் சொல்லின் திரிபான சஞ்சி, கப்பற்செலவையும் முன்பணத்தையும் கடனாக எழுதி, தவணை முடியும்வரை ஆளைத் தோட்டத்தோடு பிணைத்த ஒப்பந்தமாகும். இடையில் ஓடிப்போனவருக்குச் சிறை காத்திருந்தது. தென்னிந்தியர் பிஜிக்குச் செல்லத் தொடங்கியது 1903இல்தான் என்பதால், பாரதி பாடிய துயரம் இக்கரையில் அரை நூற்றாண்டுக்கும் முன்பே வேர்கொண்டுவிட்டது எனலாம்.

கண் என்பது தமிழில் பார்வையை மட்டும் குறிப்பதன்று. இரக்கத்தைக் 'கண்ணோட்டம்' என்று பெயரிட்டுத் திருக்குறள் தனி அதிகாரமே வகுத்திருக்கிறது. கண்ணற்ற நிலம் என்னும்போது இரக்கமற்ற நிலம் என்பதும் உடன்வருகிறது. ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த கரும்புக்குள் சோகை உரிப்பவர், அதாவது காய்ந்த தோகையைக் கழிப்பவர், நாலடிக்கு அப்பால் நிற்பவரைக் காண முடியாது. தோகையின் விளிம்பு கையைக் கீறும், அதன் நுண்முள்ளாகிய சுணை வியர்வையோடு சேர்ந்து உடம்பெல்லாம் அரிக்கும். அந்த இடத்தில் ஒரு பெண் அழுதால், பாட்டில் வருவது போலவே, அதைக் கேட்கக் காற்று மட்டுமே உண்டு.

செக்கு மாட்டுப் படிமம் இதனினும் கொடிது. நாளெல்லாம் நடந்தும் நின்ற இடத்திலேயே நிற்கும் மாட்டைப் போலவே, கூலியில் கடன் பிடிக்கப்பட்டு, நோயில் இழந்த நாள்களுக்காகத் தவணையும் நீண்டவரின் வாழ்வு சுழன்றது.

ஒப்பந்த ஆள்சேர்ப்பு 1910இல் முடிவுற்றது. கரும்பு நின்ற நிலங்களில் ரப்பர் நின்றது. ஆனால் வெயிலேறினால் பால் வற்றும் என்பதால், 'பெரட்டு' எனப்பட்ட விடியற்கால ஆள்கணக்கு முடிந்ததும் தொழிலாளர் உளியோடு இறங்கிய நிரைகளில் இருள் இன்னும் விலகியிருக்கவில்லை.