பழைய கிறிஸ்துமஸ் எவ்வளவு பழசு?

டிசம்பர் பிறந்துவிட்டால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு பெருமூச்சு கேட்கும். "அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் மாதிரி வருமா?" கணப்பில் எரியும் விறகு, வெளியே பனி, தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரே மேஜையில்... சரி, 'அந்தக் காலம்' என்பது எந்தக் காலம்? எதையும் கழற்றிப் பார்க்கும் புத்தி நம் போன்ற என்ஜினீயர்களுக்கு. இதையும் கழற்றிப் பார்ப்போமே!

1647-க்குப் போனால் ஏமாற்றம்தான். அந்த ஆண்டு ஆங்கிலேயப் பார்லிமெண்ட் கிறிஸ்துமஸையே ஒழித்துச் சட்டம் போட்டது. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை, கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம்!

1820-க்கு வருவோம். வாஷிங்டன் இர்விங் என்ற அமெரிக்கர் 'ஸ்கெட்ச் புக்' நூலில், ஓர் ஆங்கிலக் கிராமத்துப் பெரிய வீட்டில் நடக்கும் கிறிஸ்துமஸை ஆசை ஆசையாக வர்ணித்தார். வேடிக்கை என்ன தெரியுமா? "பழைய வழக்கமெல்லாம் மறைகிறதே" என்ற ஏக்கம் அதிலேயே இருக்கிறது! எழுதியவர் யார்? கல்யாணம் ஆகாதவர். லிவர்பூலில் குடும்ப வியாபாரம் 1818-ல் திவாலாகி, ஊர் திரும்பாமல் அந்நிய மண்ணில் பேனாவை நம்பி இருந்தவர்.

அடுத்தவர் டிக்கன்ஸ். 1824-ல் கடனுக்காக அப்பா சிறையில். அம்மாவும் தம்பி தங்கைகளும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் தனியாக ஒண்டுக்குடித்தனம் இருந்து, ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டினான். அந்தப் பையன்தான் வளர்ந்து 1843-ல், கிராட்சிட் என்ற ஏழைக் குமாஸ்தாவின் வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிடும் காட்சியை எழுதினான். 'எ கிறிஸ்துமஸ் கேரல்' டிசம்பர் 19-ல் வெளிவந்தது. 24-க்குள் 6,000 பிரதிகளும் காலி. பனிக்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். அவர் சிறுவனாக இருந்த 1810-கள் இங்கிலாந்தில் கடுங்குளிர்க் காலம்.

கிறிஸ்துமஸ் மரம்? ஜெர்மானிய வழக்கம். 1848-ல் விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்தது. 1850-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை, ராணியின் கிரீடத்தையும் கணவரின் மீசையையும் அழித்துவிட்டு அதையே 'நம்ம குடும்பமாக'ப் போட்டுவிட்டது! சிரிக்காதீங்க, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரை இன்று நாம் புகழ்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

கடைசியாக 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டு. எழுதிய இர்விங் பெர்லின் ரஷ்யாவிலிருந்து ஐந்து வயதில் அமெரிக்கா வந்த யூதர். அவர் பிறந்த வீட்டில் அது பண்டிகையே இல்லை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அவருடைய மகன் இறந்தது 1928 டிசம்பர் 25-ல். பிங் கிராஸ்பி பாடிய இசைத்தட்டு 1942-ல் வந்தபோது, கடல் கடந்து போரில் இருந்த சிப்பாய்கள் ரேடியோவில் அதைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பாட்டின் தொடக்கம், கலிபோர்னியாவில் ஆரஞ்சும் பனையும் அசையும் வெயிலில் நின்றுகொண்டு ஒருவன் பனிக்கு ஏங்குவதாகத்தான் எழுதப்பட்டது. கிராஸ்பியின் இசைத்தட்டில் அந்த வரிகள் இல்லை.