முன்பணமும் நம்பிக்கையும்

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் சில சொற்களை நாள்தோறும் எழுதுகிறோம். அவற்றின் பொருளை நின்று எண்ணிப் பார்ப்பதோ அரிது. 'தொழில் முனைவோர்' என்பது அத்தகைய சொல். அரசாங்க அறிக்கைகளில் அது கடனுதவி, மானியம், பயிற்சி என்னும் சொற்களோடு சேர்ந்தே வரும். முனைதல் என்பது ஒரு செயலில் ஊக்கத்தோடு முற்படுதல். பணம் கொடுத்த மாத்திரத்தில் ஒருவர் முற்பட்டு விடுவாரா? அதற்குரிய துணிவு எங்கிருந்து வருகிறது? இவ்வினாவுக்கு விடை தேடித் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் இரண்டு எல்லைப் பகுதிகளுக்குச் செல்வோம். ஒன்று இடுக்கி மலை. மற்றொன்று பாலக்காட்டுக் கணவாய்.

1877ஆம் ஆண்டில் ஜே. டி. மன்றோ என்னும் ஐரோப்பியர், பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1897இல் அம்மலைகளின் பெயரிலேயே ஒரு கம்பெனி தோன்றியது. காட்டை அழித்துத் தேயிலை நடுவதற்கு ஆட்கள் வேண்டும். அவர்களைத் தமிழ் மாவட்டங்களிலிருந்து திரட்டி வந்தவர்கள் கங்காணிகள். கங்காணி முதலில் கொடுத்தது முன்பணம். வறண்ட ஊரில் வாடிய குடும்பத்துக்கு அது பேருதவியாகத் தோன்றியது. மலையேறிய பிறகோ அதுவே கால்விலங்காயிற்று. கூலியிலிருந்து கடன் கழிந்துகொண்டே இருந்தது. கடன் தீருமுன் வேறிடம் செல்ல வழியில்லை. பணம் கைமாறியது; நம்பிக்கை கைமாறவில்லை.

கங்காணி முறை பின்னர் ஒழிந்தது. எனினும் அது பழக்கிய மனநிலை எளிதில் ஒழியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆதலின், குடும்பத்தில் ஒருவரேனும் அதே தோட்டத்தில் பெயர் பதிந்துகொள்வது வீட்டைக் காக்கும் வழியாயிற்று. இந்நிலையில் பிள்ளை புதுத்தொழில் ஒன்றைக் கனவு காண்பது பெற்றோருக்கு ஆசையாகவா தோன்றும்? அச்சமாகவே தோன்றும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகள் 25க்கு மேல் இருக்கும் தோட்டங்களில் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளிகளைப் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. சட்டம் பள்ளிக் கட்டடத்தைக் கொடுக்கலாம். 'உன்னால் இயலும்' என்று சொல்ல அங்கே ஓர் ஆசிரியர் வேண்டும்.

மலையிலிருந்து இறங்கிப் பாலக்காட்டுக் கணவாய்க்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் இடம் அது. அதன் கிழக்கு வாயிலில் இருக்கிறது கோயம்புத்தூர். அங்கே 1926ஆம் ஆண்டில் பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்களும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கென ஒதுக்கினர். அவ்வறத்தின் தொடக்க காலப் பணிகளுள் ஒன்று தொழிற்பயிற்சி நிலையம். அது வெறும் வகுப்பறையாக இருக்கவில்லை. பொருள் உற்பத்தி செய்யும் பட்டறையாகவும் இருந்தது. 1951இல் அதன் அருகிலேயே ஜி. ஆர். தாமோதரனை முதல்வராகக் கொண்டு பொறியியல் கல்லூரி எழுந்தது. விற்பனைக்குரிய இரும்பைப் பயிலும் மாணவன் கையில் கொடுப்பது எளிதன்று. அவன் கடைசலில் பிழை செய்தால் நட்டம் நிலையத்துக்கே. அந்த நட்டத்தை ஏற்கத் துணிந்த ஆசிரியரே மாணவனுக்குத் துணிவைக் கற்பிக்கிறார். பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் செய்யும் சிறு பட்டறைகள் கோவையில் பெருகியதற்கு, இத்தகைய இடங்களில் பழகிய கைகளும் ஒரு காரணம்.

கைத்திறனும் படிப்பும் உள்ளவர்களுக்கு இது பொருந்தலாம். யாரும் எதையும் எதிர்பார்க்காத பிள்ளைகளுக்கும் பொருந்துமா? மீண்டும் மூணாறுக்கு ஏறுவோம். 1991ஆம் ஆண்டில் ரத்னா கிருஷ்ணகுமாரின் முயற்சியால் 'சிருஷ்டி' என்னும் அமைப்பு அங்கே உருவாயிற்று. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள குழந்தைகளுக்காக அது ஒரு பள்ளியை நடத்தியது. பள்ளியை அடுத்துத் தொழிற்கூடங்கள் தோன்றின. 'ஆரண்யா'வில் இயற்கைச் சாயம் தோய்த்த துணி, 'அதுல்யா'வில் கைத்தாள், அவற்றோடு ஸ்ட்ராபெரிப் பழப்பாகும் ரொட்டியும் செய்யும் கூடங்கள். தேயிலைக் கம்பெனியின் ஆதரவு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆதரவு கொண்டு கூரை வேயலாம். சாயம் தோய்க்க முடியாது.

சாயத் தொழிலின் தன்மையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். யூகலிப்டஸ் இலையும் தேயிலைக் கழிவும் போன்றவற்றைக் கொதிக்க வைத்து நிறம் இறக்குகிறார்கள். துணியை மடித்து, முடிந்து, நூலால் இறுக்கித் தோய்க்கிறார்கள். முடிச்சை அவிழ்க்கும் வரை விளைவு தெரியாது. பிழை நேர்ந்தால் துணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் இயலாது. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஆசிரியர் அருகில் நின்று கைபிடித்துக் காட்டுவதும் நடவாத காரியம். ஆகவே, துணியைக் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். 'இவனால் ஒன்றும் ஆகாது' என்று ஊர் ஒதுக்கிய பிள்ளையின் கையில் விலைபெறும் துணியைக் கொடுப்பது எத்தகைய நம்பிக்கை! பிள்ளையும் ஆசிரியரை நம்ப வேண்டும்: கெட்டுப்போனதைக் காட்டினால் இகழமாட்டார்; நன்றாக இல்லாததை நன்று என்று பொய்யாகப் புகழவும் மாட்டார் என்று. அவர்கள் செய்த துணி இரக்கத்தால் வாங்கப்படும் பொருளாக நிற்கவில்லை. அழகுக்காக நாடப்படும் பொருளாகி வெளிநாட்டாரையும் ஈர்த்தது. கூலி வீட்டுக்குச் சுமை என்று கருதப்பட்டவர்கள் வீட்டுக்குச் சம்பளம் கொண்டு செல்பவர்கள் ஆயினர்.

இதே மலையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் இங்கே ஒப்புநோக்கலாம். 2005இல் தேயிலைத் தோட்டங்கள் புதிய கம்பெனியாக மாறியபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் அதன் பங்குதாரர் ஆயினர். காகிதத்தில் அவர்களும் உரிமையாளரே. ஆயினும் 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் போனஸ் கேட்டு வீதிக்கு வந்தனர்; தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்துத் தாமே போராடினர். பங்குப் பத்திரம் கையில் இருந்தும், தம் சொல்லுக்கு மதிப்பில்லை என்று அவர்கள் கருதியதே அதற்குக் காரணம் என்று நாம் எண்ணுகிறோம்.

கங்காணியும் முன்னதாகவே ஒன்றைக் கொடுத்தார். ஆசிரியரும் முன்னதாகவே ஒன்றைக் கொடுக்கிறார். முன்னதைக் கூலியில் கழிக்க வேண்டும். பின்னதைக் கழிக்க வேண்டியதில்லை, அடுத்தவருக்குக் கொடுத்தால் போதும். பள்ளிகளில் தொழில் முனைவு பற்றிப் பாடம் வைப்பது நன்றே. அதற்கு முன், பட்டறையின் திறவுகோலை ஒரு நாளேனும் மாணவனிடம் கொடுத்துப் பார்க்கும் ஆசிரியர்களை நாம் தேடிக் கண்டு போற்ற வேண்டும்.